மலிவு இயர்போன்கள் மூன்றும் ஒத்துப்போகாத இரண்டு காதுகளும்

கருப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று இயர்போன்கள் மூன்று வாரங்களாக என் மேசையில் கிடந்தன. மூன்றும் காதுக்குள் செருகிக்கொள்ளும் வகை, கம்பி உள்ளவை, விலையில் கீழ்த்தட்டைச் சேர்ந்தவை. கருப்பும் வெள்ளையும் புதியவை. நீலமோ இரண்டு ஆண்டுகள் உழைத்து, ஒரு பக்கம் ஒலி குன்றி, இழுப்பறைக்குள் ஒதுங்கிய பழைய ஆள். எதை அன்றாடம் வைத்துக்கொள்வது, எதைச் சரிசெய்வது, எதைக் கழித்துக்கட்டுவது என்று தீர்மானிப்பதற்காக உட்கார்ந்தேன். முதல் நாள் மாலையே குறிப்பேட்டில் தீர்ப்பையும் எழுதிவிட்டேன்: "கருப்பு: பேஸ் (கீழ்த்தொனி) இல்லை, தகரச் சத்தம். வெள்ளை: அருமை." இரண்டும் தவறான தீர்ப்புகள் என்று தெரிய ஒரு வாரம் ஆயிற்று.

கருப்பு இயர்போனை முதலில் போட்டுக் கேட்டபோது வயலின் வந்தது, குரல் வந்தது, மிருதங்கத்தின் வலந்தலைகூடத் தெளிவாக வந்தது; இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த கும்கி மட்டும் யாரோ அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் இருந்தது. சவ்வை அதிரவைத்து ஒலி எழுப்பும் டிரைவரே மட்டம் என்று முடிவு கட்டிவிட்டு அப்படியே தலையணையில் சாய்ந்தேன். வலது காது தலையணையில் அழுந்திய கணத்தில், அந்தப் பக்கத்தில் மட்டும் தொப்பி "தொம்" என்று முழங்கியது. தலையைத் தூக்கினேன், போய்விட்டது. மறுபடி சாய்ந்தேன், வந்துவிட்டது. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதையாக, பொருத்தத் தெரியாத நான் இயர்போனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

காதுக் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கும் இயர்போன், தனக்கும் செவிப்பறைக்கும் இடையில் சிக்கிய மிகச் சிறிய காற்றறையை அமுக்கியும் தளர்த்தியும்தான் பேஸை உண்டாக்குகிறது. அந்த அறையில் ஒரு கசிவு இருந்துவிட்டால், மெதுவாக ஏறியிறங்கும் அழுத்தம் செவிப்பறையை எட்டுவதற்குள் அந்த வழியாக வெளியேறிவிடும். வேகமாக அதிரும் மேல் சுரங்களுக்குக் கசிவு அவ்வளவு பொருட்டில்லை. வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளலாம்: மெல்ல அழுத்தினால் காற்று பின்வழியே நழுவிவிடும், வேகமாகக் குத்தினால் கொஞ்சமாவது டியூபில் ஏறும். ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கும்கி, டிரம், பேஸ் கிட்டார் எல்லாம் குடியிருக்கும் பகுதி இந்த அடைப்பின் தயவில்தான் வாழ்கிறது.

பெட்டியில் மூன்று அளவுகளில் காது ரப்பர்கள் இருந்தன. நடுத்தர அளவே எல்லாருக்கும் பொருந்தும் என்ற எண்ணத்தில் மற்றவற்றைப் பிரிக்கக்கூட இல்லை. இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். இடது காதுக்கு நடுத்தரமே சரியாக இருந்தது. வலது காதுக்குப் பெரியது தேவைப்பட்டது. இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது. செருகும் முறையும் முக்கியம். காதுக் குழாய் நேர்க்கோடு அல்ல, ஒரு வளைவோடுதான் உள்ளே போகிறது. எதிர்ப்பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து செவிமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் அந்த வளைவு கொஞ்சம் நிமிரும், இயர்போன் தானாக ஓர் ஆழத்தில் போய் உட்காரும். இப்படி உட்கார்ந்த பிறகு வாயைத் திறந்து மூட வேண்டும், சிரித்துப் பார்க்க வேண்டும், ஏதாவது மெல்லுவதுபோல் தாடையை அசைக்க வேண்டும். தாடை மூட்டு காதுக் குழாய்க்கு முன்னால் ஒட்டினாற்போல் இருப்பதால், அது அசையும்போது குழாயின் வடிவமும் மாறுகிறது. சிரித்தால் பேஸ் பறிபோகிற இயர்போன் பொருந்திய இயர்போன் அல்ல.

இதைச் சோதிக்கப் பாட்டைவிடத் தொனிகள் வசதியானவை. கைபேசியில் ஒரு தொனி உருவாக்கும் செயலியை வைத்து, 500 ஹெர்ட்ஸில் மிதமாக ஒலிக்கவிட்டு, பிறகு 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். அடைப்பு சரியாக இருந்தபோது 50 ஹெர்ட்ஸ் ஓர் ஆழ்ந்த ரீங்காரமாக, இரு காதுக்கும் நடுவில் நின்றது. வலது பக்கத்தில் நடுத்தர ரப்பருக்கு மாறியதும் அது இடது பக்கம் ஒதுங்கிப்போயிற்று. கசிவு எந்தப் பக்கம் என்பதைக் காட்டிக்கொடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது வெள்ளையின் கதை. முதல் நாளில் அது ஏன் அருமையாக இருந்தது என்று யோசித்தபோது, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கையில் நான் ஒலியளவுப் பொத்தானைத் தொடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பெட்டிகளில் அச்சிட்டிருந்த உணர்திறன் எண்களைப் பார்த்தேன்: கருப்பில் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், வெள்ளையில் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும் போட்டிருந்தார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். மின்தடை 16 ஓம் உள்ள இயர்போனுக்கு ஒரு மில்லிவாட் கொடுக்க ஏறத்தாழ 0.126 வோல்ட் போதும். அங்கிருந்து ஒரு வோல்ட்டுக்கு ஏற 18 டெசிபல் தூரம். ஆகவே மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்பதும் வோல்ட்டுக்கு 118 டெசிபல் என்பதும் அந்த 16 ஓமில் ஒரே இயர்போன்தான். 32 ஓம் என்றால் இடைவெளி 15 டெசிபல் ஆகிவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் பெட்டிக்குப் பெட்டி எண்களை ஒப்பிடுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவதற்குச் சமம்.

சத்தம் கூடினால் வெறும் சத்தம் மட்டும் கூடுவதில்லை என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி. ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் பெல் ஆய்வகத்திலிருந்து 1933இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் இதைக் காட்டின: குறைந்த ஒலியளவில் நம் காது பேஸை மிகக் குறைவாகவே உணர்கிறது, ஒலியளவு ஏற ஏற பேஸ் மற்றவற்றோடு சேர்ந்து நிமிர்கிறது. எனவே இரண்டு இயர்போன்களில் எது சற்று உரத்து ஒலிக்கிறதோ அதுவே செழுமையானது, தெளிவானது, "உயிருள்ளது" என்று மனம் சாட்சி சொல்லிவிடும். அது உரத்துத்தான் ஒலிக்கிறது என்பதை மனம் சொல்லாது.

இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு போலிக் காது செய்துகொண்டேன். பழுதான ஒரு ஹெட்செட்டிலிருந்து 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மைக்கைக் கழற்றி, அதைச் சுற்றி ஒட்டுநாடாவை நான்கைந்து சுற்று சுற்றி, 8 மில்லிமீட்டர் உள்ளளவு கொண்ட சிலிக்கான் குழாயின் ஒரு முனையில் காற்றுப் புகாமல் இறுக்கினேன். மறு முனையில் இயர்போனைச் செருகினால், அதன் மூக்கின் (ஒலி வெளிவரும் முனையின்) நுனிக்கும் மைக்குக்கும் இடையே 22 மில்லிமீட்டர் நிற்கும்படி குழாயை வெட்டினேன். மனிதக் காதுக் குழாய் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளம் உடையது. அதன் வாயில் கொஞ்சத்தை இயர்போன் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்தக் கணக்கு. ஆய்வகங்களில் பயன்படுத்தும் செயற்கைக் காதுகளோடு இதை ஒப்பிட முடியாது. செவிப்பறையின் நெகிழ்வையோ குழாய்ச் சதையின் மென்மையையோ இது போலி செய்யாது. ஆனால் ஓர் இயர்போனை இன்னொன்றோடு ஒப்பிடப் போதும்.

முதல் அளவீட்டில் மூன்று இயர்போன்களும் ஒரே சத்தம் என்று கணினி சொன்னது. நீலத்தின் குன்றிய பக்கமும் அதே சத்தம் என்றதும்தான் சுதாரித்தேன். மைக்கின் ஒலியைத் தானாகவே ஏற்றியிறக்கிச் சமன்படுத்தும் வசதியும் இரைச்சல் நீக்கும் வசதியும் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் அணைத்தபின் 500 ஹெர்ட்ஸ் தொனியில் வெள்ளை கருப்பைவிட 6 டெசிபல் உரத்திருந்தது தெரிந்தது. வெள்ளைக்கு அந்த 6 டெசிபலைக் குறைத்து, இரண்டும் அரை டெசிபலுக்குள் ஒத்துவருமாறு ஒலியளவுக் குறிகளை எழுதி வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். வெள்ளையின் அருமையில் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டது. மீந்தது வயிற்றை அழுத்துகிற பேஸும், அதன் அடியில் முகம் மங்கிய குரலும்.

போலிக் காது கற்றுத்தந்த இன்னொரு பாடம் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை தொனியை மெல்ல ஏற்றி வரைபடம் எடுத்தபோது, மூன்று இயர்போன்களிலும் 8000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே ஒரு கூர்மையான மேடு நின்றது. மூன்று வெவ்வேறு டிரைவர்கள் ஒரே இடத்தில் கத்துமா? இயர்போனை மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன். மேடு 9000 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்தது. அது குழாயின் சுரம், இயர்போனின் சுரமல்ல. இரு முனையும் அடைபட்ட குழாயில் அரை அலைநீளம் பொருந்தும் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு எழும். ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று கொண்டு 22 மில்லிமீட்டரின் இருமடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 7800 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இதே சுரம் நம் காதிலும் எழுகிறது. முறையாக அளப்பவர்கள் இயர்போனை இந்த மேடு 8000 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும் ஆழத்துக்குச் செருகி அளப்பதும், அந்தப் பகுதியின் வரைபடத்தைப் பெரிதாக நம்பாமலிருப்பதும் இதனால்தான். ஆழம் மாறினால் டிரெபிள், அதாவது மேல் சுரங்களின் ஒலி, மாறும் என்பதால், ஒருவருக்கு இனிமையாகக் கேட்கும் இயர்போன் இன்னொருவருக்குக் காதைக் கீறுவதில் வியப்பில்லை.

கேட்டுச் சோதிக்க நான் வைத்துக்கொண்ட ஒலிகள் மிகச் சில. முதலாவது பேச்சு. பின்னணி இசை இல்லாத ஒரு பெண்குரல் வாசிப்பில் "வலி, வளி, வழி" என்ற மூன்று சொற்களும் திரை விலகினாற்போல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதுக்குச் சொல்லும் தடயங்களில் பெரும்பகுதி ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் இருக்கிறது. பேஸ் கொழுத்து இந்த இடம் ஒடுங்கிய இயர்போனில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெள்ளையில் அதுதான் நடந்தது. இரண்டாவது, ஸகரமும் ஷகரமும் நிறைந்த ஒரு வரி. இவை சீறிக் குத்தினால் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே எங்கோ ஒரு முள் இருக்கிறது என்று பொருள், கருப்பில் அது இருந்தது. மூன்றாவது தம்புரா. ஜீவாளி (தந்தியின் அடியில் வைக்கும் நூல்) சரியாக அமைந்த தம்புராவில் ஒரு தந்தியை மீட்டினால் அதன் மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து அடங்கும்; மேடுபள்ளம் மிகுந்த இயர்போனில் அந்தத் தொடர்ச்சி நடுவில் அறுந்து, சில சுரங்கள் துருத்திக்கொண்டும் சில காணாமலும் போகும். நான்காவது, முன்பே சொன்ன மிருதங்கம்.

வெள்ளையில் இடையே ஒரு கோமாளித்தனம் நடந்தது. அதன் கேபிள் கழற்றி மாட்டக்கூடியது, 0.78 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு ஊசிகள் கொண்டது. துடைப்பதற்காகக் கழற்றி மாட்டியபின் பாடகர் தலைக்கு நடுவிலிருந்து மறைந்து, இரண்டு காதுகளையும் சுற்றி ஆவிபோல் பரவிவிட்டார். பேஸும் இடம் தெரியாமல் நீர்த்துப்போயிற்று. இரண்டு நாட்கள் அடைப்பைச் சந்தேகித்தேன். அக்கா மகன்தான் கையில் வாங்கி, இரண்டு பக்கத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு பக்கம் பிளக்கைத் திருப்பிக் குத்தியிருக்கீங்க" என்றான். ஒரு பக்கத்து ஊசிகள் இடம் மாறினால் அந்தப் பக்க டிரைவர் எதிர்த்திசையில் அசையும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இப்போது இரண்டு பிளக்குகளிலும் வெளிப்புறம் பார்க்கும் பக்கத்தில் வெள்ளை மையால் புள்ளி வைத்திருக்கிறேன்.

வெள்ளையின் பேஸை அடக்க, அதன் ஓட்டின் பின்புறமிருந்த காற்றுத்துளையில் கைவைத்தேன். டிரைவரின் முதுகுப் பக்கக் காற்று அந்தத் துளைவழியே மூச்சுவிடுகிறது. துளை அடைபட்டால் பின்னறைக் காற்று சுருள்வில்லைப்போல் விறைத்து, சவ்வின் பெரிய அசைவுகளைக் கட்டுப்படுத்தும். பளபளப்பான ஒட்டுநாடாவால் முழுதும் அடைத்தபோது பேஸ் அளவுக்கு மீறி வற்றிவிட்டது. காயத்துக்குக் கட்டுப்போடும் நுண்துளைக் காகித நாடாவில் ஒரு சிறு துண்டை ஒட்டியபோது காற்று அரைகுறையாக ஊடுருவி, தொப்பி தொப்பியாகவும் குரல் குரலாகவும் நின்றன. மூக்கின் அருகே முன்பக்கம் இன்னொரு துளை இருக்கும், அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது செவிப்பறைப் பக்கக் காற்றறையைச் சேர்ந்தது, அதை மூடினால் பேஸ் குறைவதற்குப் பதிலாகக் கூடும். கருப்பின் முள்ளுக்கு வேறு வைத்தியம்: பழைய நுரை ரப்பரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு விள்ளல் கிள்ளி, அதன் மூக்குக்குள் தளர்வாக வைத்தேன். முதலில் வைத்தது கொஞ்சம் பெரிதாகி, எல்லாப் பாட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்தது. பாதியாக்கியபின் ஸகரம் பணிந்தது, தம்புரா பிழைத்தது.

நீலத்தில் இடது பக்கம் குன்றியிருந்தது. முதல் வேலை, இடது துண்டை வலது காதிலும் வலது துண்டை இடது காதிலும் மாற்றிப் போட்டுக் கேட்டதுதான். குறைவு துண்டோடு சேர்ந்து வந்தால் பழுது இயர்போனில். காதோடு தங்கிவிட்டால் பழுது காதில் அல்லது பொருத்தத்தில். கைபேசியின் அணுகல் அமைப்புகளில் இடவலச் சமநிலைக் கோல் நடுவில்தான் நிற்கிறதா என்றும் பார்த்தேன். அது நகர்ந்துகிடப்பதை அறியாமல் நல்ல இயர்போனைத் தூக்கியெறிந்தவர்கள் இருக்கிறார்கள். நீலத்தில் குறைவு துண்டோடுதான் வந்தது. ரப்பரைக் கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், மூக்கின் வாயிலிருந்த உலோகச் சல்லடையில் முக்கால் பங்கு காதுக் குறும்பியால் மெழுகியிருந்தது.

ஊசியால் குத்தினால் சல்லடை பிய்ந்து உள்ளே போகும், அழுக்கும் டிரைவரின் மீது விழும். மூக்கைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக மென்மையான பல் துலக்கியால் தட்டித் தட்டித் தேய்த்தேன். உதிர்ந்தவை கீழே விழுந்தன. மிச்சத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால், இன்னமும் தலைகீழாகப் பிடித்தபடியே, சல்லடையை ஒற்றி எடுத்தேன். பிழியாமல் வைத்தால் திரவம் சொட்டி உள்ளே இறங்கும், சல்லடையை ஒட்டியிருக்கும் பசையும் இளகும். ஐந்தாறு குச்சிகளுக்குப் பின் சல்லடையின் கண்கள் வெளிச்சத்தில் தெரிந்தன. அரைமணி நேரம் உலரவிட்டுப் போலிக் காதில் வைத்தபோது, 9 டெசிபல் இருந்த இடவல வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள் வந்திருந்தது.

வசதியைப் பற்றி நான் எழுதிய முதல் நாள் குறிப்புகள் எல்லாம் பயனற்றவை. இருபது நிமிடத்தில் எல்லா இயர்போனும் வசதியானதுதான்; இரண்டு மணி நேரத்தில்தான் அதன் சுபாவம் வெளிவரும். வெள்ளை நாற்பதாவது நிமிடத்திலேயே வலது செவிமடலின் கீழ்க்குழியில் ஒரு புள்ளியில் சுடுவதுபோல் வலித்தது. விரலால் தடவினால், ஓட்டின் இரு பாதிகளும் சேரும் தையலில் மயிரளவு விளிம்பு தட்டுப்பட்டது. துளைகளையும் மூக்கையும் நாடாவால் மூடிவிட்டு, 1000 எண் உப்புத்தாளை ஈரமாக்கி அந்த விளிம்பை மட்டும் தேய்த்து, பிறகு 2000 எண் தாளால் மழமழப்பாக்கினேன். மூடாமல் தேய்த்திருந்தால் தூள் உள்ளே போயிருக்கும். மேசையில் இரும்புத் தூள் கிடந்தாலோ இன்னும் மோசம், டிரைவரின் காந்தம் அதைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். வலி அன்றோடு போயிற்று.

கருப்பில் அழுத்தும் வலி இல்லை, வேறொரு தொல்லை இருந்தது. வேகமாகச் செருகினால் உள்ளே "கிரிச்" என்று காகிதம் மடங்குவதுபோல் ஒரு சத்தம் வரும். அடைபட்ட காற்று மெல்லிய சவ்வை அமுக்குவதால் வருவது அது. மெதுவாக, கொஞ்சம் திருகியபடி செருகினால் வருவதில்லை. நடக்கும்போது கேபிள் சட்டையில் உரசும் சரசரப்பு நேரே காதுக்குள் கேட்டது. கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் போட்டதும் பெரும்பகுதி அடங்கியது. கழுத்தருகே ஒரு கிளிப் மாட்டியதும் மீதியும் அடங்கியது. சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் முழங்குவதும் காலடி "தொப் தொப்" என்று கேட்பதும் எந்த இயர்போனுக்கும் உரிய குற்றமல்ல. எலும்புவழி வந்து காதுக் குழாயின் சுவரை அதிரவைக்கும் ஒலி, அந்தக் குழாயின் வாய் அடைபட்டிருப்பதால் வெளியேற வழியின்றிச் செவிப்பறைக்கே திரும்புகிறது. நல்ல அடைப்புக்குக் கொடுக்கும் விலை அது.

அந்த அடைப்பினால் கிடைத்த லாபமும் உண்டு. வெளி இரைச்சல் குறைந்ததால், பேருந்தில்கூட முன்பைவிட ஐந்தாறு படிகள் கீழே ஒலியளவை வைத்துக் கேட்க முடிகிறது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு. ஒலி 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறையும்.

புதிய இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் "பழகி" ஒலி மாறும் என்பார்கள். கருப்பைப் போலிக் காதில் முதலில் அளந்த அன்றும், மூன்று வாரங்களின் முடிவில் நுரை விள்ளலை எடுத்துவிட்டும் எடுத்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கையால் செருகுவதில் வரும் சிறு வித்தியாசத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. பழகியது என் காதும், அதைச் சரியாகச் செருகக் கற்றுக்கொண்ட என் கையும்தான்.

இப்போது கருப்பு தினசரி நடைக்கு, நுரை விள்ளலோடும் கழுத்துக் கிளிப்போடும். வெள்ளை வீட்டில் உட்கார்ந்து கேட்க. காகித நாடா வியர்வையில் உரிகிறது, இரண்டாவது துண்டு ஒட்டியாயிற்று. நீலத்தை அக்கா மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். கொடுப்பதற்கு முன் ரப்பர்களைப் புதிதாக மாற்றினேன். அவனுக்கு இரண்டு காதிலும் சிறியதுதான் பொருந்தியது.